22023-ஆம் ஆண்டு, டிசம்பர் 4

மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரப் பக்கம் கரையேறி ஒரு நாள் ஆகியிருந்தது. மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் நான் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் 4 அன்று அது என்ன பதிந்திருக்கிறது என்று பார்க்கக் கணினியில் வரைபடம் போட்டேன். திரை முழுக்க வெறுமை. அன்றைய மழை மொத்தமும் இடது ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடாக நசுங்கிக் கிடந்தது. வலது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. கீழே ஆண்டுகளைப் பார்த்தேன். 2023-இல் தொடங்கி 22023-இல் முடிந்தது.

வரைபடத்தை மூடிவிட்டு, கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்தேன். கோளாறு நடந்த இடம் இப்படி இருந்தது:

2023-12-04 03:13,0.4
2023-12-04 03:14,0.6
22023-12-04 21:40,0.0
2023-12-04 21:41,0.0

அதிகாலை 3:14-க்குப் பிறகு நேராக இரவு 9:40. நடுவே பதினெட்டு மணி நேரத்தைக் காணோம். மூன்றாவது வரியின் தலையில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு 2. அந்த ஒற்றை இலக்கம் வரைபடத்தை இருபதாயிரம் ஆண்டுக்கு இழுத்துவிட்டது.

எங்கள் தெருவில் மின்சாரம் போனது காலை 6:10-க்கு. வந்தது இரவு 9:40-க்கு. கரண்ட் இல்லாத நேரத்தில் பதிவு இல்லாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் 3:15-லிருந்து 6:10 வரை கரண்ட் இருந்தது, கருவி ஓடியது, நிரலும் நிமிடத்துக்கு ஒரு வரி எழுதிக்கொண்டுதான் இருந்தது. அந்த 176 வரிகள் எங்கே போயின?

ஷேர் ஆட்டோ கிளம்பும் நேரம்

மழைமானியின் உள்ளே ஏற்றப்பலகை போல இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கின்றன. புனலில் விழும் மழை ஒரு கிண்ணத்தில் நிரம்பும். 0.2 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான நீர் சேர்ந்ததும் அது சாய்ந்து கொட்டும், மறு கிண்ணம் மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தச் சுவிட்ச் தட்டும். உள்ளங்கையளவுக் கணினி ஒன்று அந்தத் தட்டுகளை எண்ணி, நிமிடத்துக்கு ஒருமுறை தேதி, நேரம், மழை அளவு மூன்றையும் ஒரு வரியாக உரைக்கோப்பில் எழுதும். நிரலை சி மொழியில் எழுதியவன் நான்தான்.

‘எழுது’ என்று நிரல் சொன்னதும் எழுத்து வட்டுக்குப் போய்விடுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். அப்படிப் போவதில்லை. நினைவகத்தில் ஒரு காத்திருப்பு அறை இருக்கிறது, பஃபர் என்பார்கள். நிரல் எழுதுவதெல்லாம் முதலில் அங்கே போய் உட்காரும். அறை நிரம்பினால்தான் மொத்தமாக வெளியேறும். எல்லா சீட்டும் நிரம்பாமல் நகராத ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, “போலாம்ணே” என்று டிரைவரிடம் கெஞ்சியவர்களுக்கு இது விளங்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் வட்டை எழுப்புவது, ஒவ்வொரு பயணிக்கும் தனி வண்டி விடுவது போல. வேகம் குறையும், நினைவக அட்டையும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

என் கணினியில் அந்த அறையின் கொள்ளளவு 4096 பைட். மேலே உள்ள வரியில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். தேதிக்கு 10, இடைவெளிக்கு 1, நேரத்துக்கு 5, காற்புள்ளிக்கு 1, மழைக்கு 3, கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறிக்கு 1. ஆக 21 பைட். நள்ளிரவில் புதுக்கோப்பு தொடங்கி 195 வரிகள் எழுதினால் 4095 பைட். 195-ஆவது வரி 3:14-க்கு உரியது. அறையில் மிச்சம் ஒரே ஒரு சீட். 3:15-க்கான வரி வந்தபோது அதன் முதல் எழுத்தான 2 மட்டும் ஏறிக்கொண்டது, வண்டி கிளம்பிவிட்டது. அந்த வரியின் மீதி இருபது எழுத்தும், அடுத்து வந்த வரிகளும் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தன. அது 6:30-க்குக் கிளம்பியிருக்கும். 6:10-க்கு மின்சாரம் போயிற்று. காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் இருட்டில் கரைந்துபோனார்கள்.

இரவில் மின்சாரம் வந்து நிரல் மறுபடி ஓடியபோது, அதே கோப்பின் முடிவிலிருந்து எழுதத் தொடங்கியது. அங்கே தனியே நின்றுகொண்டிருந்த 2, புது வரியின் 2023-ஓடு சேர்ந்து 22023 ஆனது.

இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. இதே நிரல் திரையில் எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. திரைக்குப் போகும் எழுத்து வரிக்கு வரி வெளியேறும், கோப்புக்குப் போவது மட்டும் அறை நிரம்பக் காத்திருக்கும். சி மொழியின் நூலகங்கள் வழக்கமாக அப்படித்தான் நடந்துகொள்கின்றன. நிரலைச் சோதிக்கும்போது எல்லோரும் திரையைத்தான் பார்க்கிறோம். புயலன்று கோப்புதான் வேண்டியிருக்கிறது.

கீழ்வீட்டில் ஒரு மாமா இருக்கிறார், ஓய்வு பெற்றவர். அவரிடம் பிளாஸ்டிக் மழைமானி ஒன்றும் பழைய டைரி ஒன்றும் உண்டு. என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எனக்கு அன்னிக்கு நாலு வரி இருக்குப்பா. மழை கொட்டுறதைப் பார்த்தேன், காலை வரைக்கும் தாங்காதுன்னு தோணிச்சு. அப்பப்போ அளந்து, எழுதிட்டு, கொட்டிட்டு வந்தேன்.”

கணினிக்காரர்கள் இதை ஃப்ளஷ் என்கிறார்கள். அறை நிரம்பியதோ இல்லையோ, இருப்பதை வெளியே தள்ளு என்ற கட்டளை. ஒவ்வொரு வரிக்கும் பின் அதைச் சேர்த்தேன், ஒரே வரி வேலை. அதற்கு அப்பாலும் ஒரு நிறுத்தம் உண்டு. நிரலிடமிருந்து வாங்கிய எழுத்தை இயக்க அமைப்பும் தன் பங்குக்குச் சற்று நேரம் கையில் வைத்திருந்துதான் வட்டில் எழுதும். அதையும் உடனே எழுதவைக்கத் தனிக் கட்டளை இருக்கிறது. வங்கிகளின் தரவுத்தளங்கள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதைக் கொடுக்கின்றன. மழைக்கு அவ்வளவு வேண்டாம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்கிறேன்.

சோழியில் ஒரு கிரகணம்

நிரல் கணிப்பதும் கோப்பில் தங்குவதும் ஒன்றல்ல. இந்த இடைவெளி கணினியோடு வந்ததுமல்ல. இருநூறு ஆண்டுக்கு முன் நம் ஊர்க் கணக்கொன்றில் அதைத் துல்லியமாகப் பார்க்கலாம்.

ஜான் வாரன் பிரிட்டிஷ் படையில் பணியாற்றியவர். 1805 முதல் 1811 வரை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தார். தென்னிந்தியர்கள் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று ஆராய்ந்து, 1825-இல் சென்னையில் ‘காலசங்கலிதம்’ என்ற பெரிய நூலை அச்சிட்டார். புதுச்சேரியில் தான் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டு, 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகின. கையில் காகிதம்கூட இல்லாமல் செய்த கணக்கு அது.

அவர் மனப்பாடம் செய்திருந்தவை வாக்கியங்கள். இன்றைக்கும் மயிலாப்பூர்க் கடைகளில் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் வாக்கியப் பஞ்சாங்கம் தொங்குவதைப் பார்க்கலாம். பெயர் அங்கிருந்து வந்ததுதான். நிலவு பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. ஒன்பது சுற்றுக்கு 248 நாள். அந்த 248 நாளுக்கும் நிலவு எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று முன்னோர் கணித்து, ஒரு நாளைக்கு ஒரு வாக்கியமாகக் கட்டிவைத்தார்கள். வாக்கியத்தின் ஒவ்வொரு எழுத்தும் ஓர் இலக்கம். ‘க’ வந்தால் 1, ‘ட’ வந்தாலும் 1, ‘ப’வும் ‘ய’வும் அப்படியே. கடபயாதி என்பது இந்த முறையின் பெயர். இந்த வாக்கியங்கள் வரருசி என்பவர் செய்தவை என்று மரபு சொல்கிறது.

ஒரு கணக்கின் விடைகளை எழுத்தாக மாற்றிச் சேமித்துவைத்து, பிறகு கணக்கைத் திரும்பப் போடாமல் எடுத்துப் பயன்படுத்துவது. இதைவிடப் பழைய உரைக்கோப்பு எனக்குத் தெரியவில்லை. சேமிப்பு வட்டாக இருந்தது மனித நினைவு.

சோழிகளோ வேறு வகை. அவை கணினியின் நினைவகம். ஒரு படி முடிந்ததும் பழைய எண்ணைக் கலைத்து, அதே இடத்தில் புது எண்ணை வைப்பார்கள். கணக்கு முடியும்போது தரையில் விடை மட்டும் இருக்கும். 52 நிமிடப் பிசகு எந்தப் படியில் நுழைந்தது என்று சோழிகளைக் கேட்க முடியாது. வாரன் அந்தப் படிகளைக் காகிதத்தில் எழுதிவைத்தார். அதைக் கொண்டுதான் கணித வரலாற்றாய்வாளர் ஓட்டோ நாய்கெபவர் 1952-இல் தமிழர் வானியல் குறித்துத் தனிக் கட்டுரையே எழுத முடிந்தது. நிரல் எழுதுவோர் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். விடையை மட்டும் சேமிக்காதீர்கள், இடைப்படிகளில் முக்கியமானவற்றையும் சேமியுங்கள். பிசகு என்றைக்காவது வரும்.

எத்தனை இலக்கம்?

சேமித்தால் மட்டும் போதாது, முழுதாகச் சேமித்தோமா என்றும் பார்க்க வேண்டும். 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலையாளர், ராயல் மக்பீ நிறுவனத்தின் எல்ஜிபி-30 கணினியில் ஒரு கற்பனை வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பகுதியை மறுபடி பார்க்க விரும்பி, முன்பு அச்சிட்ட தாளிலிருந்து எண்களை எடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டுக் காபி குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், புது வானிலை பழையதோடு சிறிது தூரம் ஒன்றாகப் போய், பிறகு பிரிந்து, கடைசியில் முழுக்க வேறாகிவிட்டது. கணினிக்குள் இருந்த எண் 0.506127. தாளில் அச்சானது 0.506. நிரல் ஆறு இலக்கத்தில் கணித்து மூன்றில் எழுதியது, வித்தியாசம் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சிறு இடைவெளியைத் துரத்திப் போனவர் 1963-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் கேயாஸ் என்ற துறை வளர்ந்தது. அவருக்குக் கிடைத்தது அறிவியல். நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது தப்பான விடை.

இதை நம் நாள்கணக்கில் வைத்துப் பார்ப்போம். கலியுகத் தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணுவது பஞ்சாங்க மரபு. 2023 டிசம்பர் 4-க்குக் கழிந்த கலி நாள் 1871817. கலி தொடங்கியது வெள்ளிக்கிழமை என்பது கணக்கு. இந்த எண்ணை 7-ஆல் வகுத்தால் மீதி 3. வெள்ளியிலிருந்து மூன்று நாள் தள்ளினால் திங்கள், புயலடித்த அன்றைக்குத் திங்கள்தான். இப்போது இந்த எண்ணை, மாட்லாப் என்ற கணித மென்பொருளில் பல ஆண்டுகள் புழங்கிய, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பு எழுதும் கட்டளையிடம் கொடுங்கள். எத்தனை இலக்கம் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு அதில் வழியில்லை. முன்னணி ஐந்து இலக்கங்களை மட்டும் எழுதும். கோப்பில் தங்கும் மதிப்பு 1871800. புயல் பதினேழு நாள் பின்னால் போய், நவம்பர் 17 வெள்ளிக்கிழமை அடித்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

மாறாக, பைத்தானின் நம்பை தொகுப்பு கேட்காமலே பத்தொன்பது இலக்கம் எழுதும். கணினி வழக்கமாகக் கையாளும் இரட்டைத் துல்லிய எண்ணை எழுத்தாக்கி, மறுபடி அதே எண்ணாக்க 17 இலக்கம் போதும், அதற்கு மேல் இடச்செலவு. திரும்பக் கணக்கில் நுழையப்போகும் எண் என்றால் அந்தப் பதினேழையும் எழுதுங்கள். என் மழைமானிக்கு அது பொய்யான துல்லியம். 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே அளக்கத் தெரியாத கருவியின் அளவைப் பதினேழு இலக்கத்தில் எழுதினால், படிப்பவர் அதை நம்பிவிடுவார்.

இன்னொன்று. அந்தக் கலி நாளை மேலே 1871817 என்று காற்புள்ளி இல்லாமல் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வழக்கப்படி 18,71,817 என்று எழுதலாம்தான். ஆனால் காற்புள்ளியால் பத்தி பிரிக்கும் கோப்பில் அது 18, 71, 817 என மூன்று எண்ணாகிவிடும். நம் லட்சக் காற்புள்ளி காகிதத்துக்கு அழகு, கோப்புக்கு ஆகாது.

மயிலையில் எழுதிய தமிழ்

‘மழை’ என்ற தலைப்பைக் கோப்பின் முதல் வரியில் சேர்த்தேன். சாதாரண ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். மழைக்கு ம, ழ, ஐகாரக் குறி என மூன்று குறியீடு, யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக ஒன்பது. எந்த முறையில் எழுதினோம் என்பது படிக்கும் மென்பொருளுக்குத் தெரியாவிட்டால் மழை வராது. தலையில் கோடு சாய்ந்த ஐரோப்பிய எழுத்தும், வணிகப் பெயர்களின் ஓரத்தில் பார்க்கும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வரும். பைட்டுகள் ஒன்றுகூடக் கெட்டிருக்காது. படிக்கும் திறவுகோல்தான் வேறு.

கடபயாதி தெரியாதவருக்கு வாக்கியம் வெறும் சொற்றொடர்தான். அதே நிலைமை கணினித் தமிழுக்கு 1990-களில் இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை. சுவிட்சர்லாந்தின் லொசானில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாகத் தந்த எழுத்துரு ஒன்றின் பெயர் மயிலை, எங்கள் பக்கத்து ஊரின் பெயர். 1998 பொங்கலன்று அவர் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து மின்நூலாக்கியது. தொடக்க கால நூல்கள் இத்தகைய எழுத்துருக்களில் இருந்தன. பிறகு டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டுக்கும், அதன்பின் யூனிக்கோடுக்கும் அவற்றை மாற்றினார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், எந்தக் கோப்பு எந்த முறையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான். அதே காலத்தில் யாரோ எழுதி, எழுத்துருவின் பெயரையே மறந்துபோன எத்தனையோ தமிழ்க் கோப்புகள் இன்று வெறும் கிறுக்கல்.

தலைப்பு வரி

மதராஸ் வானாய்வகத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எடுத்திருக்கிறார்கள். வாரனுக்கு முன்பு பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம் தொடங்கிய வழக்கம். அந்தக் குறிப்புகளில் ‘காலை 8:30’ என்று ஓரிடத்தில் வந்தால், அது நம் 8:30 இல்லை. அன்று வழங்கியது மதராஸ் நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906-இல் வந்த இந்தியப் பொது நேரம் ஐந்தரை மணி முந்தியது. ஒன்பது நிமிட வித்தியாசம். மழை அளவு அங்குலத்திலா மில்லிமீட்டரிலா என்பது அடுத்த கேள்வி. ஏட்டின் தலைப்பு சொன்னால்தான் உண்டு.

என் கோப்புக்கும் இதே கதிதான். இன்றைக்கு 24 மணி நேர மழையை வானிலைத் துறை காலை 8:30-லிருந்து மறுநாள் 8:30 வரை கணக்கிடுகிறது. நான் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு. தலைப்பு வரியில் அதைச் சொல்லாவிட்டால் ஒரே மழைக்கு இரண்டு அளவு வரும், இரண்டுமே சரியாகவும் இருக்கும். இப்போது என் ஒவ்வொரு கோப்பின் மேலும் ஐந்து வரிகள் நிற்கின்றன: இடம், கருவியின் நுண்ணளவு, அலகு, நேர வலயமும் நாள் தொடங்கும் நேரமும், குறியீட்டு முறை. நிரலுக்கு இவை எல்லாம் தெரியும். நிரலை எழுதிய எனக்கும் தெரியும். பத்து ஆண்டு கழித்துக் கோப்பைத் திறப்பவருக்கு, அது நானாகவே இருந்தாலும், தெரிந்திருக்காது.

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பழைய வானாய்வகத்தின் கிரானைட் தூண் இன்னும் நிற்கிறது. 1792-இல் கட்டடம் எழுப்பிய மைக்கேல் டாப்பிங்கின் பெயரும் ஆண்டும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. தமிழிலும் தெலுங்கிலும்கூட அங்கே கல்வெட்டு உண்டு. அந்தத் தூண் தாங்கியிருந்த தொலைநோக்கி இப்போது அங்கே இல்லை. கல்லில் இருப்பதைப் படிக்க அந்தத் தொலைநோக்கி வேண்டியதில்லை, கண் போதும். உரைக்கோப்பின் பலமும் அதுதான். அதை உண்டாக்கிய மென்பொருள் வழக்கொழிந்த பிறகும் ஏதோ ஒரு நோட்பேடில் அது திறக்கும். ஆனால் நாம் எழுதாமல் விட்டதை எந்த நோட்பேடும் காட்டாது.

உங்கள் நிரல் எதையாவது இரவு முழுக்க எழுதப்போகிறது என்றால், அதற்கு முன் ஒரு மாதிரிக் கோப்போடு பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பப் போட்டு, கோப்பை எந்த வரைபட மென்பொருளிலும் திறக்காமல் வெறும் நோட்பேடில் திறந்து, முதல் வரியையும் கடைசி வரியையும் கண்ணால் படியுங்கள். முடிந்தால் உங்கள் நிரலை அறியாத ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். நான் கீழ்வீட்டு மாமாவிடம் கொடுத்தேன். டைரியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “மில்லிமீட்டர்னு போட்டிருக்கே, நல்லது” என்றார்.